விசுவாசியும் சந்தேகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாடக் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒருவர் மட்டும் நிற்பார். பையில் எதையோ தேடுவார், வேதாகமத்தின் உறையை மூடித் திறப்பார். அறை காலியானதும், "அண்ணா, ஒரு விஷயம் கேட்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க" என்று தொடங்குவார். அப்படி என்னிடம் வந்த கேள்விகள்தான் இவை. ஒன்றிரண்டை நானே வேறு ஒருவரிடம் இப்படித் தயங்கி நின்று கேட்டிருக்கிறேன்.

சந்தேகப்படுவது பாவமா?

எல்லாச் சந்தேகத்துக்கும் சேர்த்து வேதாகமம் ஒரே தீர்ப்பு எழுதவில்லை. லூக்கா முதலாம் அதிகாரத்தை மட்டும் பாருங்கள். வயதான சகரியாவிடம், மகன் பிறப்பான் என்று சொல்லத் தேவதூதன் வருகிறான். "இதை நான் எதினால் அறிவேன்?" என்று அவர் கேட்கிறார். சில வசனங்கள் தள்ளி மரியாளிடம் அதே தூதன் வருகிறான். "இது எப்படியாகும்?" என்கிறாள் அவள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சகரியா ஊமையாகிறார், மரியாளுக்கோ விளக்கம் கிடைக்கிறது. அவர் நம்புவதற்கு அத்தாட்சி கேட்டார், அவள் நடக்கப்போகிற விதத்தைக் கேட்டாள் என்று வழக்கமாக வேறுபடுத்துவார்கள். சரிதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு: கண்டிக்கப்பட்ட சகரியாவுக்கும் வாக்குத்தத்தம் ரத்தாகவில்லை. வாய் அடைபட்டது, ஆனால் சொன்னபடியே யோவான் பிறந்தான்.

ஆகவே சந்தேகம் கண்டிக்கப்படலாம். அதற்காகக் கண்டிக்கப்பட்டவர் கைவிடப்பட்டார் என்று அர்த்தமில்லை.

"சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்" என்று யாக்கோபு 1:6 சொல்கிறதே. அப்படிப்பட்டவன் கர்த்தரிடத்தில் எதையும் பெறமாட்டான் என்றும் இருக்கிறதே?

மனதில் ஒரு கேள்வி எழுந்தவுடன் இந்த வசனத்தை நினைத்து, "அப்போ நான் ஜெபிச்சே பிரயோஜனமில்லை" என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், அதற்கு முந்தின வசனத்தை வாசியுங்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும், அவர் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்கிறார் யாக்கோபு. விளங்கவில்லை என்று வருகிறவனுக்குத்தான் இந்த அழைப்பே. அவனை வாசலில் வைத்துத் துரத்துவது ஆறாம் வசனத்தின் வேலையாக இருக்க முடியாது.

இரண்டாவது, எட்டாம் வசனத்தில் வருகிற "இருமனமுள்ளவன்" என்ற சொல். இதே சொல்லை யாக்கோபு நாலாம் அதிகாரம் எட்டாம் வசனத்தில் மறுபடி எழுதுகிறார். அங்கே பேச்சு உலக சிநேகத்தைப் பற்றியது. தேவனும் வேண்டும், அவருக்கு விரோதமானதும் வேண்டும் என்று ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்திருக்கிறவனைப் பற்றியது. யாக்கோபின் கோபம் பிளவுபட்ட விசுவாசத்தைவிடப் பிளவுபட்ட பற்றின் மேல்தான். "எனக்குப் புரியவில்லை, ஆனால் உம்மை விட்டால் வேறு யாரிடம் போவேன்" என்று அழுகிறவளுக்கு ஒரே மனம்தான் இருக்கிறது. அது காயப்பட்ட மனம், அவ்வளவே.

தோமாவைப் போல நானும் "சந்தேகத் தோமா"வா?

அந்தப் பட்டப்பெயரே தோமாவுக்குச் செய்த அநியாயம் என்பேன். யோவான் 11:16இல், எருசலேமுக்குப் பக்கத்தில் போனால் கல்லெறிவார்கள் என்று மற்றவர்கள் தயங்கியபோது, "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்" என்றவர் அவர். அதற்காக யாரும் அவரைத் "துணிந்த தோமா" என்று கூப்பிடவில்லை.

உயிர்த்தெழுதலைக் கேட்டதும் நம்பாதவரும் அவர் ஒருவர் மட்டுமல்ல. கல்லறையிலிருந்து வந்த ஸ்திரீகள் சொன்னதைக் கேட்ட சீஷர்களுக்கு அது வீண்பேச்சாகத் தோன்றியது என்று லூக்கா 24:11 எழுதி வைத்திருக்கிறது. மற்றப் பத்துப் பேருக்கும் இயேசு தம்மைக் காட்டியிருந்தார். தோமா கேட்டது அவர்களுக்குக் கிடைத்ததைத்தான்.

இனி யோவான் 20:26ஐத் திறந்து, முதல் வரியில் நில்லுங்கள். "மறுபடியும் எட்டுநாளைக்குப்பின்பு" சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், தோமாவும் அவர்களோடேகூட இருந்தார். ஒரு வாரத்துக்கு மேல் என்ன நடந்திருக்கும் என்று யோசித்ததுண்டா? பூட்டிய கதவு. உள்ளே பத்துப் பேர், "கர்த்தரைக் கண்டோம்" என்கிற சந்தோஷத்தோடு. நடுவில் ஒருவர், "காயத்தில் விரலை விடாமல் நம்பவேமாட்டேன்" என்று சொல்லிவிட்டவர். சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்கார வேண்டும், அதே அறையில் படுக்க வேண்டும். பேச்சு எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கும். அவர்கள் அவரை வெளியே அனுப்பவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. இயேசு வந்தபோது தோமா அங்கே இருந்ததற்குக் காரணம், அந்த எட்டு நாளும் இரு தரப்பும் பொறுத்துக்கொண்டதுதான்.

இயேசு கைகளைக் காட்டினார், தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோமா தொட்டாரா என்று வேதாகமம் சொல்லவில்லை. ஓவியர்கள்தான் விரலைக் காயத்துக்குள் வைத்து வரைந்துவிட்டார்கள். அவர் வாயிலிருந்து வந்தது "என் ஆண்டவரே! என் தேவனே!" என்ற அறிக்கை. நாலு சுவிசேஷங்களிலும் சீஷர் ஒருவர் இவ்வளவு வெளிப்படையாக இயேசுவை தேவன் என்று அழைத்த இடம் வேறில்லை. மற்ற சீஷர்களின் விசுவாசத்தைவிடத் தோமாவின் அவிசுவாசமே நம் விசுவாசத்துக்கு அதிகம் உதவியது என்று 6ஆம் நூற்றாண்டில் போப் மகா கிரகோரி பிரசங்கித்தார்.

அதே சமயம் "அவிசுவாசியாயிராமல் விசுவாசியாயிரு" என்ற சொல்லும் அங்கேயே இருக்கிறது. "காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள்" என்பதும் இருக்கிறது. தோமாவைக் காட்டிச் சந்தேகத்திலேயே குடியிருக்கலாம் என்று யாரும் சொல்ல வழியில்லை.

சந்தேகத்துக்கும் அவிசுவாசத்துக்கும் என்ன வித்தியாசம்?

தண்ணீரில் அமிழ்ந்த பேதுருவிடம் "ஏன் சந்தேகப்பட்டாய்" என்று இயேசு கேட்ட இடத்தில் வருகிற கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில்தான் வருகிறது. அதன் வேரில் "இரண்டு" என்ற பொருள் இருக்கிறது: இரண்டு பக்கமும் இழுபட்டு நிற்பது. அவிசுவாசம் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொள்வது. சந்தேகப்படுகிறவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவிசுவாசி பதிலுக்காகக் காத்திருப்பதை நிறுத்திவிட்டான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மத்தேயு 14:31இல் இயேசு முதலில் கையை நீட்டிப் பிடித்தார். கேள்வி அதற்குப் பிறகு. பேதுரு பதில் சொன்ன பிறகு தூக்குகிறேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

சந்தேகம் பிசாசிடமிருந்துதானே வருகிறது? "தேவன் சொன்னது உண்டோ" என்று சர்ப்பம் கேட்டதே?

சில வேளை அங்கிருந்தும் வரும். ஆனால் தூக்கமில்லாத ஒரு மாதத்திலிருந்து வரும், துக்கத்திலிருந்து வரும், கல்லூரியில் வாசித்த ஒரு நல்ல கேள்வியிலிருந்து வரும், சபையில் பெரியவர் ஒருவர் செய்த துரோகத்திலிருந்தும் வரும். எல்லாவற்றையும் பிசாசின் கணக்கில் எழுதிவிட்டால் எதற்கும் சரியான மருந்து கொடுக்க முடியாது.

எலியா சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று படுத்தார். கர்த்தருடைய தூதன் அவரோடு வாதாடவில்லை, அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி படுத்தார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிடவைத்தான். ஓரேப் மலையில் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வந்தது அதற்கெல்லாம் பிறகு. ஆவிக்குரிய நெருக்கடி என்று நம்மிடம் வருகிறவர்களில் சிலருக்கு முதலில் தேவைப்படுவது தூக்கமும் சாப்பாடும். சிலருக்கு மருத்துவரும்தான். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், இது வருகிற 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை அவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

ஜெபித்தும் சுகம் கிடைக்கவில்லை. "உங்கள் வீட்டில் யாரோ சந்தேகப்பட்டதால்தான்" என்கிறார்கள்.

இதைச் சொன்னவர் யாராக இருந்தாலும், சொல்லியிருக்கக் கூடாது.

மாற்கு 9ஐ எடுத்துக்கொள்வோம். அசுத்த ஆவி பிடித்த பையனை அவன் தகப்பன் கொண்டு வருகிறான். சீஷர்களால் முடியவில்லை. இயேசுவிடம் அவன் வைக்கிற வேண்டுதலிலேயே சந்தேகம் இருக்கிறது: "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்". பிறகு கண்ணீரோடே, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிறான். பாதி விசுவாசம், பாதி அவிசுவாசம், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். இயேசு "அந்தப் பாதியைச் சரிசெய்துகொண்டு வா" என்று சொல்லவில்லை. பையன் அன்றே சுகமானான்.

இதே சம்பவத்தை மத்தேயு எழுதும்போது, அவிசுவாசத்தினால்தான் முடியவில்லை என்று இயேசு சொல்கிறார். யாரிடம்? ஜெபித்துத் துரத்தப் போன சீஷர்களிடம். பையனிடமோ தகப்பனிடமோ இல்லை. சுகமாகாத நோயாளியின் தலையில் பழியைப் போடுகிற ஊழியக்காரர்கள் இந்த இடத்தை ஏனோ வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. கெத்செமனேயில் பாத்திரம் நீங்கவில்லை. அங்கே யாருடைய சந்தேகத்தைக் குற்றம் சொல்வது?

என் வீட்டிலும் ஒரு மரணம் நடந்தது. உபவாசித்து, எண்ணெய் பூசி, எல்லாம் செய்தோம். அடக்கம் முடிந்து பல மாதம் ஆராதனையில் பாட்டுக்கு வாயசைத்தேனே தவிரப் பாடவில்லை. பக்கத்தில் நின்ற வயதான ஒரு அம்மா அதைக் கவனித்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை மட்டும் என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அவர் கொஞ்சம் சத்தமாகப் பாடினார். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான்.

ஜெபிக்கும்போது எதையும் உணர முடிவதில்லை. சுவரோடு பேசுவது போல இருக்கிறது.

இதில் உங்களுக்குக் கிடைக்கிற கூட்டாளிகளின் பட்டியல் ஆச்சரியமானது. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, ஏறக்குறைய 50 ஆண்டு காலம் அவர் தேவ பிரசன்னத்தை உணராத இருளில் நடந்தார் என்பது தெரியவந்தது. அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் ஜெபத்தையும் வேலையையும் விடவில்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில் தன் இருதயம் விநோதமாக அனல்கொண்டதாக எழுதினார். அந்த வரியைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருப்பீர்கள். ஏழு மாதம் கழித்து, 1739 ஜனவரியில், தன் நாட்குறிப்பில் "நான் கிறிஸ்தவன் அல்ல" என்று எழுதியவரும் அவரே. அந்த வரியைப் பிரசங்கத்தில் நான் கேட்டதில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் அவர் வெட்டவெளியில் பிரசங்கிக்கத் தொடங்கினார்.

உணர்வு போனால் உறவு போயிற்று என்று எண்ண வேண்டாம். சொந்த வார்த்தை வராத நாளில் சங்கீதங்களை வாசியுங்கள், சத்தமாக. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிற 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். 88ஆம் சங்கீதம் இன்னும் கடினம். 18 வசனம் அழுதும், கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட வராமல் முடிகிறது. அதை யாரும் திருத்தாமல், ஆராதனைப் பாடலாகவே வேதாகமத்தில் விட்டு வைத்திருக்கிறார்கள். அதற்காக நான் நன்றி சொல்லாத ஆண்டில்லை.

கேட்கவே கூசுகிற தேவதூஷண எண்ணங்கள் மனதில் வருகின்றன. மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனா?

17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பிரசங்கியும் எழுத்தாளருமான ஜான் பனியன் இதில் நெடுங்காலம் தவித்தார். "கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு" என்று ஒரு குரல் சாப்பிடும்போதும் வேலை செய்யும்போதும் விடாமல் துரத்தியதாக அவரே எழுதியிருக்கிறார்.

மன்னிக்கப்படாத பாவத்தைப் பற்றி இயேசு எச்சரித்தது, கண்ணெதிரே நடந்த நன்மையைப் பார்த்துவிட்டு அதைப் பிசாசின் வேலை என்று துணிந்து பேசிய வேதபாரகருக்கு. "ஐயோ செய்துவிட்டேனோ" என்று நடுங்குகிறவர் அவர்களுக்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறார். தானாக வந்து விழுகிற எண்ணம் நீங்கள் எடுத்த முடிவல்ல. அதோடு மல்லுக்கட்டாதீர்கள், கட்டினால் இன்னும் ஒட்டும். தினமும் வதைக்கிறது என்றால் போதகரோடு மனநல மருத்துவரையும் பாருங்கள், இதற்குச் சிகிச்சை உண்டு.

இரட்சிப்பின் நிச்சயம் எனக்கு ஏறி இறங்குகிறது. உண்மையான விசுவாசிக்கு அப்படி இருக்குமா?

இருக்கும். 1646இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையைக் கறாரான அறிக்கை என்பார்கள். அதன் 18ஆம் அதிகாரமே, மெய்யான விசுவாசிகளின் நிச்சயம் பலவிதமாக அசைக்கப்படலாம், குறையலாம், அதை அடைய நெடுங்காலம் காத்திருக்கவும் நேரலாம் என்கிறது. பாலத்தின் மேல் நடுங்கிக்கொண்டே போகிறவனும் தைரியமாகப் போகிறவனும் அக்கரை சேர்வது பாலத்தின் பலத்தினால்.

எனக்கிருப்பது உணர்வுப் பிரச்சினை இல்லை, அறிவுப் பிரச்சினை. வேதாகமத்தில் பொருந்தாத இடங்கள், அறிவியல் கேள்விகள்.

அப்படியானால் அதற்குரிய மரியாதையோடு படியுங்கள். "கேள்வி கேட்காதே, நம்பு" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அவருக்குப் பதில் தெரியாது. அதை ஒத்துக்கொள்ளவும் மனமில்லை. பதில் உள்ள கேள்விகள் நிறைய இருக்கின்றன. 2000 ஆண்டுகளாகப் புத்திசாலிகள் அவற்றோடு மல்லாடியிருக்கிறார்கள்.

ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஹென்றி நியூமன் 1864இல் எழுதிய ஒரு வாக்கியம் எனக்கு உதவியது: பத்தாயிரம் கடினங்கள் சேர்ந்தாலும் ஒரு சந்தேகம் ஆகாது. ஒரு கணக்குக்கு விடை தெரியாமல் தவிப்பது வேறு, அதற்கு விடையே இல்லை என்பது வேறு என்று அவர் விளக்கினார். எதில் எனக்கு விடை தெரியவில்லை, எதை நான் நம்பவில்லை என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். நான் எழுதியபோது இரண்டாவது பத்தி எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது.

யாரிடம் சொல்வது?

எல்லோரிடமும் வேண்டாம். 73ஆம் சங்கீதத்தில் ஆசாப், துன்மார்க்கர் வாழ்வதைப் பார்த்துத் தன் அடிகள் சறுக்கப் பார்த்தன என்கிறார். ஆனால் அதை அப்படியே வெளியே பேசியிருந்தால் "உம்முடைய பிள்ளைகளின் சந்ததிக்குத் துரோகியாவேன்" என்றும் சொல்கிறார். அதற்காக விழுங்கிவிடவும் இல்லை. தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் கொண்டு போனார். பின்னால் அது பாட்டாகவே வந்தது. நடு ராத்திரியில் எழுந்த கேள்வியை அப்படியே முகநூலில் போடுவதற்கும், வாயே திறக்காமல் இருப்பதற்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அதிர்ச்சியடையாமல் கேட்கக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். தன் சந்தேகத்தைப் பற்றி ஒருமுறையாவது வாய்திறந்து பேசியவராக இருந்தால் நல்லது.

என் மகன் "எனக்கு நம்பிக்கை இல்லை" என்கிறான். என்ன சொல்வது?

முதலில் ஒன்றும் சொல்லாதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து மௌனமாக இருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது. வாயைத் திறந்தபோது தேவனுக்காக வக்காலத்து வாங்கினார்கள். முடிவில் கர்த்தர், என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்கள் மேல்தான் கோபப்பட்டார். அவ்வளவு கொதித்துப் பேசியவன் யோபு.

யூதா நிருபத்தின் 22ஆம் வசனத்தைப் புதிய மொழிபெயர்ப்புகளில் பாருங்கள்: சந்தேகப்படுகிறவர்களுக்கு இரக்கம் காட்டுங்கள் என்றிருக்கும். மகனிடம் "உனக்கு எதனால் அப்படித் தோன்றுகிறது, சொல்லப்பா" என்று கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் கேட்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் அவன் இடம் அப்படியே இருக்கட்டும். தோமாவின் எட்டு நாள் உங்கள் வீட்டில் எட்டு வருஷமாகவும் நீளலாம்.

சந்தேகத்தோடு இராப்போஜனம் எடுக்கலாமா?

அறியாமல் எழுகிற சந்தேகத்தோடா? வாருங்கள். வெறுங்கையோடு வருகிறவர்களுக்காகத்தானே அந்தப் பந்தி? மனசாட்சி உறுத்தினால் போதகரிடம் முன்னதாகப் பேசிவிடுங்கள்.

அப்படியானால் சந்தேகம் நல்லதுதானா?

இல்லை. இப்போது சிலர் அதை ஒரு பதக்கம் போலக் குத்திக்கொண்டு திரிகிறார்கள், சந்தேகப்படாதவர்கள் எல்லாம் யோசிக்கத் தெரியாதவர்கள் என்பது போல. காய்ச்சல் உடம்பில் ஏதோ நடக்கிறது என்று காட்டும். அதற்காக யாரும் காய்ச்சலை வளர்ப்பதில்லை.

இது என்றைக்காவது முழுவதும் போகுமா?

சிலருக்குப் போயிருக்கிறது. எனக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறது, முன்னைவிடக் குறைவாக.

பேதுருவிடம் கேட்ட அந்த வினைச்சொல் வருகிற இரண்டாவது இடத்தை நான் இன்னும் சொல்லவில்லை. மத்தேயு 28:17. உயிர்த்தெழுந்த இயேசு கலிலேயாவில், மலையின் மேல், பதினொரு பேருக்கும் எதிரே நிற்கிறார். "அங்கே அவர்கள் அவரைக் கண்டு, பணிந்துகொண்டார்கள்; சிலரோ சந்தேகப்பட்டார்கள்." சந்தேகப்பட்டவர்கள் யார் என்று மத்தேயு பெயர் சொல்லவில்லை. இயேசு அவர்களைத் தனியே நிறுத்தவும் இல்லை. அவர் அவர்கள் சமீபத்தில் வந்தார் என்கிறது அடுத்த வசனம். வந்து, சகல ஜாதிகளையும் சீஷராக்கப் போங்கள் என்று பதினொரு பேரையும் சேர்த்துத்தான் அனுப்பினார்.